மூலமொழியில் ஒரு பன்றி

அத்தியாயம் ஆறு

"அக்கா என் மூஞ்சியில துப்பிட்டா. மாத்திரையோட."

தையற்காரி இதைச் சொன்னபோது மிஷினை நிறுத்தவில்லை. பள்ளிச் சீருடை ஒன்றின் கைப்பகுதி ஊசிக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது. அதனால் நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

"துப்பிட்டு என்ன சொன்னாங்க?"

"'பன்றியை ஏன்டி என் வாயில திணிக்கிற?'ன்னா."

"பன்றியா? மாத்திரை அவ்வளவு பெருசா?" என்றார் சைரன்.

சைரன் என் உதவியாளர். இருபத்திரண்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். என் பெயர் அகராதி. பெற்றவர்கள் வைத்ததல்ல, கல்லூரியில் ஆண்பிள்ளைகள் வைத்தது. எதிர்க்கேள்வி கேட்கிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? 'அகராதி துப்பறியும் நிலையம்' என்று பலகை எழுதி மாட்டிவிட்டேன். திட்டியவர்களுக்கு நன்றி.

தையற்காரி மிஷினை மிதித்துக்கொண்டே சொன்னாள். அவளுடைய அக்காவுக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்பு. மாத்திரை போட்டால் வராது. பார்சல் ஆபீசில் எண் பார்த்துப் பொட்டலம் பிரிக்கிற வேலை செய்தவள். கல்யாணம், ஒரு பெண் குழந்தை, கப்பல் வேலைக்குப் போன கணவன். கணவன் கப்பலேறிய பிறகு ஒரு ஜெப வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். வாரத்தில் மூன்று நாள் அங்கே நூலக அறையைத் துடைப்பதாகச் சொல்வாள். பதினோரு நாளைக்கு முன்னால் அங்கே மேடையில் ஒரு டப்பா வைத்தார்கள். எல்லாரும் வரிசையில் போய் மாத்திரையை அதில் கொட்டினார்கள். அக்காவும் கொட்டினாள். அன்றிலிருந்து அங்கேயே மாடி அறையில் இருக்கிறாள். மூன்று முறை வலிப்பு வந்துவிட்டது. மூன்றாவது முறை படிக்கட்டில் விழுந்து நெற்றி பிளந்தது.

"டாக்டர்கிட்ட கேட்டேன். திடீர்னு நிறுத்தினா ஒண்ணு வரும், அது நிக்காமலே போயிடும்ன்னார். போலீஸ்ல போய்ச் சொன்னேன். 'விவரம் தெரிஞ்ச பொம்பள, அவங்களா விருப்பப்பட்டு இருக்காங்க, நாங்க என்ன பண்றது?'ன்னாங்க." நூலைப் பல்லால் கடித்தாள். "அவ பொண்ணுக்கு நாலு வயசு. என் பக்கத்துல படுத்துக்கிட்டு, 'சித்தி, இப்போ அம்மா ஆடுறாங்களா?'ன்னு கேட்குது."

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உங்க அக்கா எதுக்காவது இறங்கி வருவாங்களா?"

"ஒரே ஒண்ணுதான் சொன்னா. 'மூலமொழியில தப்புன்னு காட்டு, இப்பவே முழுங்குறேன்'ன்னா. அதான் உங்ககிட்ட வந்தேன். உங்களுக்கு கிரேக்கம் தெரியுமாமே?"

தெரியும். என் அப்பா ஓர் இறையியல் கல்லூரியில் கழிப்பறை கழுவினார். ஐந்து பேர் சேராவிட்டால் கிரேக்க வகுப்பை மூடிவிடுவார்கள். நாலு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். ஐந்தாவது தலையாக என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அந்தத் தலை முதல் மதிப்பெண் வாங்கியது. பட்டமளிப்பு விழா முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி வைக்கச் சொன்னார்கள். அடுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

தையற்காரி துணி அளவெடுக்கும் மேஜையின் இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்துக் கொடுத்தாள். மேலே 'மூலமொழி முத்துக்கள், எண் 63'. கீழே ஜெப வீட்டை நடத்துகிறவரின் படம். ஊரே அவரை 'மூலமொழி அண்ணன்' என்றுதான் அழைக்கிறது. வாசித்தேன்.

வேதத்தின் பின்பாதியில், ஒரு நிருபத்தில், அதாவது சபைக்கு எழுதிய கடிதத்தில், வரங்களைப் பட்டியல் போடுகிற இடம் உண்டு. அதில் ஒன்று குணமாக்கும் வரம். அந்தச் சொல்லைக் கிரேக்க எழுத்தில் சுத்தமாக அச்சடித்திருந்தார்கள். நாலே எழுத்து. இயாமா. அதற்குக் கீழே ஓர் எண், 2386. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'மூலப் பொருள்: பன்றி.'

பிறகு இரண்டு பக்கத்துக்கு வியாக்கியானம். குணம் என்று நீங்கள் வாசிக்கிற இடத்தில் மூலத்தில் நிற்பது பன்றி. மருந்துக்கடையில் வாங்குவதெல்லாம் பன்றியின் பங்கு. அதை நாவில் வைக்கிறவன் அசுத்தத்தை நாவில் வைக்கிறான்.

எனக்குக் கோபம் வரவில்லை. சாக்கடையைக் குனிந்து பார்த்ததுபோல இருந்தது.

"இயாமான்னா குணம். பன்றி இல்ல. பன்றிக்குக் கிட்டத்துல கூட வராது," என்றேன்.

"அப்ப வேலை முடிஞ்சது. போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்," என்றார் சைரன்.

"சொன்னா நம்ப மாட்டா," என்றாள் தையற்காரி. "ஏற்கெனவே ஒரு பாதிரியாரை வச்சுச் சொல்லிப் பார்த்துட்டேன். சிரிச்சா. என்னவோ நேர்ல பார்த்த மாதிரி சிரிச்சா."

* * *

சைரனின் வண்டி ஏலத்தில் எடுத்த பழைய ஆம்புலன்ஸ். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் சிவப்பு எழுத்தின் தடம் இன்னும் தெரியும். அதன் முன்னிருக்கையில் உட்கார்ந்து அந்தப் பிரசுரத்தை முறைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஆளு பொய் சொல்றான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் சைரன்.

"பொய்ன்னா இன்னும் அழகா இருக்கும் அண்ணே. மருந்தை ஒழிக்கணும்னு உட்கார்ந்து யோசிக்கிறவன் 'மாயம்'ன்னு சொல்லுவான், 'நஞ்சு'ன்னு சொல்லுவான். எவனாவது பன்றின்னு கற்பனை பண்ணுவானா? பன்றியை யாரும் கண்டுபிடிக்க முடியாது. பன்றி எங்கிருந்தோ வந்திருக்கு."

"எங்கிருந்து?"

"அதான் எண் போட்டிருக்கே."

பின்னிருக்கையிலிருந்து என் புத்தகத்தை எடுத்தேன். செங்கல் கனம். ஒத்தவாக்கிய அகராதி. கிரேக்கம் தெரியாதவர்களும் கிரேக்கம் பேச உதவுகிற புத்தகம் என்று எங்கள் வகுப்பில் கேலி செய்வோம். வேதத்தில் வருகிற ஒவ்வொரு மூலச் சொல்லுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைத் தேடிப் போனால் பொருள் கிடைக்கும். எழுத்துக்கூடத் தெரிய வேண்டாம். ஆனால் புத்தகத்தின் கடைசியில் பட்டியல் ஒன்றல்ல, இரண்டு. வேதத்தின் முன்பாதி எபிரேயம், அதற்கு முன்பட்டியல். பின்பாதி கிரேக்கம், அதற்குப் பின்பட்டியல். இரண்டும் ஒன்றாம் எண்ணிலிருந்தே தொடங்குகின்றன.

பின்பட்டியலில் 2386: இயாமா, குணமாக்குதல்.

முன்பட்டியலில் 2386. விரலை வைத்துக்கொண்டு சைரனிடம் காட்டினேன். பன்றி.

"அடப்பாவி," என்றார். "பி பிளாக்குல ரெண்டாம் நம்பர் வீட்டுக்குப் போறதுக்குப் பதிலா ஏ பிளாக்குல ரெண்டாம் நம்பர் கதவைத் தட்டியிருக்கான். நானும் பண்ணியிருக்கேன். பிரசவத்துக்குக் கூப்பிட்டாங்கன்னு போனேன். கதவைத் திறந்தது எழுபது வயசுத் தாத்தா."

தையற்காரி பழைய பிரசுரங்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தாள். ஒன்று முதல் அறுபத்திரண்டு வரை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லா எண்ணும் சரி. எல்லாப் பொருளும் சரி. வியாக்கியானம் மட்டும் குப்பை.

"அறுபத்திரண்டு தடவை தவறாத கை," என்றேன். "ஒரே ஒரு தடவை தவறியிருக்கு. இது மூலமொழி அண்ணன் கை இல்ல. அந்தக் குப்பையை எழுதுறவனுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. வேற யாரோ உட்கார்ந்து எண்ணைத் தேடிக் கொடுக்குறாங்க. அந்த ஆளைப் பிடிச்சு, 'நான்தான் தப்பாப் பார்த்தேன்'ன்னு அக்கா முன்னாடி சொல்ல வைக்கணும்."

"பிரசுரத்துல அச்சகத்தோட பேர் இருக்கு," என்று சைரன் வண்டியைக் கிளப்பினார்.

* * *

அச்சகக்காரர் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தார். "நாங்க வந்ததை அடிக்கிறோம். வந்தது பன்றின்னா பன்றி, யானைன்னா யானை."

"கையெழுத்துப் பிரதி இருக்கா?"

"எல்லாத்தையும் ஒரு வருஷம் வச்சிருப்போம். இல்லன்னா தப்பு எங்க தலையில விழும்."

அவர் தேடுவதற்குள் மூலையிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து வந்தார். கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தார். மெய்ப்பு பார்க்கிறவர். கையில் ஏற்கெனவே ஓர் உறை இருந்தது. யாராவது வந்து கேட்பார்கள் என்று ஐந்து வாரமாக அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தவர்போல நீட்டினார்.

உள்ளே இருந்தது வெள்ளை அட்டைத் துண்டு. சொல், எண், பொருள். கூடவே மற்ற அட்டைகளும் இருந்தன. அவற்றில் எழுத்து நேர்க்கோட்டில், பொட்டலத்தில் ஒட்டிய முகவரி மாதிரி. அறுபத்து மூன்றில் மட்டும் வரி கீழே சரிந்து ஓடியது. எண்ணை இரண்டு முறை எழுதி ஒன்றை அடித்திருந்தார்கள்.

சைரன் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறியது.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல. என் வண்டியில ஏத்தினவங்ககிட்ட பேப்பர்ல கையெழுத்து வாங்குவோம். சில பேர் இப்படித்தான் போடுவாங்க." அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பினார். "அட்டையை யார் கொண்டு வருவாங்க?"

"அண்ணனோட டிரைவர். எழுதுறவங்களை நாங்க பார்த்ததே இல்ல," என்றார் மெய்ப்புக்காரம்மா. "இன்னொண்ணு பாருங்க."

அது அச்சுக்கு முந்திய மெய்ப்புத் தாள். பன்றிக்குப் பக்கத்தில் ஓரத்தில் சிவப்பு மையில் அவர் ஒரு கேள்வி எழுதியிருந்தார். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று அந்த அம்மாவும் அதே புத்தகத்தை மேஜையில் வைத்திருக்கிறார். 'பின்பட்டியலில் இந்த எண்ணுக்குக் குணமாக்குதல் என்று இருக்கிறது. பன்றி முன்பட்டியலில் வருகிறது. மாற்றலாமா?'

கேள்விக்குக் கீழே பச்சை மையில் ஒரே சொல். 'இருக்கட்டும்.' அதன் கீழே மூலமொழி அண்ணனின் கையெழுத்து, தேதியோடு.

தெரியாமல் செய்தவன் இல்லை. கையில் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். தெரிந்துகொண்டு, ஒரு நிமிடம் யோசித்து, இது நமக்கு வசதி என்று பார்த்து, பேனாவின் மூடியைத் திறந்திருக்கிறான்.

"ரெண்டாம் பதிப்பு அஞ்சாயிரம் போச்சு," என்றார் மெய்ப்புக்காரம்மா. "நான் கேட்டேன். 'இருக்கட்டும்'ன்னு வந்துச்சு. சரின்னு விட்டுட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். மாத்திரையைக் கொட்டினாங்கன்னு கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கல. எடுத்துட்டுப் போங்க."

"ஐயையோ, அசலையா?" என்றார் அச்சகக்காரர்.

"நகல் எடுத்து வச்சிருக்கேன் சார். நகல் நமக்கு. அசல் அவங்களுக்கு."

* * *

ஜெப வீட்டின் கீழ்த்தளம் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலிகள். ஜன்னல்களைச் சாத்தி ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். வியர்வையும் அத்தரும் கலந்து காற்று கெட்டியாக நின்றது. பாதிரியாரைக் கூட்டிப்போன நாளிலிருந்து தையற்காரியை உள்ளே விடுவதில்லை என்பதால், வழியில் ஏற்றிக்கொண்ட அவளை வண்டியிலேயே உட்கார வைத்தோம். மாத்திரைப் பட்டை சைரனின் சட்டைப் பையில் இருந்தது. வரும் வழியிலேயே டாக்டருக்குப் போன் போட்டு எத்தனை கொடுக்க வேண்டும் என்று கேட்டு வைத்திருந்தார்.

மூலமொழி அண்ணனிடம் நான் கிரேக்கம் படித்தவள், ஊழியம் செய்ய ஆசைப்படுகிறேன் என்றேன். முதல் பாதி உண்மை.

அவர் முகம் மலர்ந்தது. என் தலையில் கை வைத்தார். அந்தக் கை ஈரமாக இருந்தது. வகிடு வழியாக அந்த ஈரம் இறங்குவதைப் பொறுத்துக்கொண்டு நின்றேன். சைரன் தலையைத் தானாகவே ஒரு பக்கம் நகர்த்திக்கொண்டார். "எனக்குச் சளி. உங்களுக்கு ஒட்டிக்கும்."

"ஏற்ற வேளையில வந்திருக்க மகளே," என்றார் அண்ணன். "மூலமொழி பார்க்கிறது ஒரு மறைவான ஊழியம். வெளியே சொல்லக் கூடாது. ஜனங்க இடறிப் போவாங்க."

"ஜனங்க நீங்க பார்க்கிறதா நினைச்சுக்கிட்டிருக்காங்களா?"

"நான்தான் பார்க்கிறேன். ஆவியில. எண்ணைத் தேடுறது கூலி வேலை."

நூலக அறையைத் திறந்து காட்டினார். கண்ணாடி அலமாரிகளில் தோல் அட்டைப் புத்தகங்கள் பளபளத்தன. ஒன்றையும் யாரும் திறந்ததில்லை. மேஜையில் ஒன்று மட்டும் கந்தலாகிக் கிடந்தது. என்னிடம் இருக்கும் அதே செங்கல்.

"நிருபத்துல வர்ற சொல்லுன்னா எந்தப் பட்டியல்ல பார்க்கணும்? முன்னாடியா, பின்னாடியா?" என்று அப்பாவியாகக் கேட்டேன்.

"என்னம்மா படிச்ச? நிருபம்னா கிரேக்கம். பின்னாடிதான்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "முன்னாடி பார்த்தா எல்லாம் தலைகீழாப் போயிடும்."

சைரன் இருமினார். நான் சைரனைப் பார்க்கவில்லை.

"இதுக்கு முன்னாடி யார் பார்த்தாங்க?"

"ஒரு சகோதரி. கை ஒத்துழைக்கல. விட்டுட்டாங்க."

கூடத்தில் மணி அடித்தது. மூன்று மணி ஆராதனை. அவர் மைக்கைத் தேடிப் போனார். நான் புத்தகத்தைத் தூக்கிப் பக்கங்களின் விளிம்பைப் பார்த்தேன். பின்பட்டியல் இருக்கிற பகுதி விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. முன்பட்டியலின் விளிம்பு புதுச் சுவர்போல வெள்ளை. அதில் ஓரிடத்தில் மட்டும் ஒற்றைக் கட்டைவிரல் அழுக்கு. அந்த இடத்தில் திறந்தேன். 2386.

"ஒரே ஒரு நாள் வந்துட்டுப் போன விருந்தாளி," என்றார் சைரன். குரலில் சிரிப்பில்லை. "அகராதி, எனக்கு யாருன்னு தெரிஞ்சிடுச்சு போல. தப்பா இருந்தா நல்லாருக்கும். மேல போவோம்."

புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

மாடியில் நான்கு கதவுகள். ஒவ்வொன்றிலும் 'உபவாசத்தில்' என்று தாள் ஒட்டியிருந்தது. முதல் கதவுக்குப் பின்னால் யாரோ தண்ணீர் கேட்டு முனகினார்கள். இரண்டாவது அறையில் அக்கா இருந்தாள்.

இரும்புக் கட்டில். நெற்றியில் துணிக்கட்டு, ஓரத்தில் மஞ்சளாகக் கசிந்திருந்தது. இடது கட்டைவிரல் தனக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருப்பதுபோல வெட்டி வெட்டித் துடித்தது. அதைப் பார்த்ததும் சைரன் கதவருகிலேயே முழங்காலிட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி அனுப்பினாளா?" என்றாள்.

"ஆமா. எனக்கு கிரேக்கம் தெரியும்."

"பாதிரியாருக்கும் தெரியும்னாங்க. எல்லாரும் வந்து தப்பு தப்புன்னா நான் நம்பணுமா? அண்ணன் சொன்னாருன்னு நான் மாத்திரையை விடல."

"பின்ன?"

"என் கண்ணால பார்த்தேன். புத்தகத்துல. பன்றின்னு போட்டிருந்துச்சு."

சைரன் கண்களை மூடிக்கொண்டார். நான் உறையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது," என்றாள். "எல்லாம் நான்தான் எழுதினேன். நூலகம் துடைக்கப் போறேன்னு வீட்ல சொல்லுவேன். வெளியே சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருந்தார்."

கழிப்பறையைக் கழுவ ஒருவர், அதை உபயோகிக்க வேறொருவர். இந்த உலகத்தில் எல்லாமே அப்படித்தான் நடக்கிறது. அறுபத்து மூன்று தடவை இவள் விரல் தேய எண்ணைத் தேடியிருக்கிறாள். அவன் அதை மேடையில் நின்று தன் ஆவி என்றான். கடைசியில் அவளுடைய சொந்தக் கையெழுத்தை வைத்தே அவள் வாயை அடைத்திருக்கிறான். எந்தப் பாதிரியார் வந்து சொன்னாலும் ஏறாது. அவளைப் பொறுத்தவரை இது நம்பிக்கை இல்லை, சரிபார்த்த வேலை.

அதனால் நானும் எதுவும் சொல்லவில்லை. புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன்.

"மறுபடி பாருங்க."

"எதுக்கு?"

"பார்சல் ஆபீஸ்ல ஒரு பொட்டலம் போய்ச் சேரலன்னு புகார் வந்தா என்ன பண்ணுவீங்க?"

முறைத்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். எண்ணை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். துடிக்காத வலது கை புத்தகத்தைத் தானாகவே பின்னால் பிரித்தது. யோசிக்கவே இல்லை, பழகிய கை. இரண்டு தாள் முன்னே, ஒரு தாள் பின்னே. விரல் பத்தியின்மேல் இறங்கி நின்றது.

எண்ணை இன்னொரு முறை அட்டையோடு ஒப்பிட்டாள்.

"குணமாக்குதல்," என்றாள்.

கீழே பாட்டு தொடங்கியிருந்தது. தரை அதிர்ந்தது.

"அப்ப நான் அன்னைக்கு எங்க பார்த்தேன்?" முன்பட்டியலை அவளே புரட்டினாள். தன் கட்டைவிரல் அழுக்கையே கண்டுபிடித்தாள். "இந்தப் பக்கம் நான் வந்ததே இல்லையே."

"அன்னைக்கு உடம்பு எப்படி இருந்துச்சு தாயி?" என்றார் சைரன்.

"காலையில பாத்ரூம்ல விழுந்துட்டேன். முந்தின நாள் மாத்திரை தீர்ந்து போச்சு, வாங்கல. நாக்கெல்லாம் ரத்தம். தண்ணி தெளிச்சுட்டு அப்படியே இங்க வந்துட்டேன். டிரைவர் நூலக வாசல்ல வந்து நிக்கிறாரேன்னு அவசரமா அட்டையை எழுதிக் கொடுத்தேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவளுக்கே கேட்டுவிட்டது. மாத்திரை போடாத ஒரு நாள் வந்த வலிப்புதான் மாத்திரையைத் தடுத்திருக்கிறது.

கதவு திறந்தது. புத்தகம் காணாமல் போனதை யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூலமொழி அண்ணன் கைக்குட்டையோடு நின்றார். கட்டில்மேல் கிடந்த அட்டை, மடியில் விரிந்த புத்தகம், எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தார். அந்த ஆளுக்கு அதிர்ச்சிகூட வரவில்லை. கணக்குப் போட்டு முடிக்க இரண்டு நொடி எடுத்தது.

"பாத்தியா மகளே?" குரல் தேனாக வழிந்தது. "பரிசுத்தமான வேலையில அசுத்தமான கையை வச்சிருக்க. என்னையும் ஏமாத்திட்ட, சபையையும் ஏமாத்திட்ட. அதான் தேவன் உன்னை இப்படி ஆட்டுறார். முழங்கால் போடு. அழு. இன்னும் நாப்பது நாள் உபவாசம் இரு."

எனக்கு அந்தக் கைக்குட்டையை எடுத்து அவர் வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது. தொட வேண்டுமே என்றுதான் விட்டேன். அக்கா உண்மையாகவே முழங்காலிட எழுந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மெய்ப்புத் தாளை அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

சிவப்பு மையை வாசித்தாள். பச்சை மையை வாசித்தாள். தேதியை வாசித்தாள். கையெழுத்தை ஒரு தரம், பிறகு பிரசுரத்தில் அச்சாகியிருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டு இன்னொரு தரம். சரிபார்க்காமல் எதையும் விடுகிற ஆள் இல்லை அவள்.

"நான் பட்டியலைத் தப்பாப் பார்த்தேன்," என்றாள் அவரிடம். "நீங்க சரியாப் பார்த்துட்டு விட்டிருக்கீங்க."

"அது... அச்சகத்துக்காரங்க..."

"அண்ணே," என்று சைரன் பக்கம் கையை நீட்டினாள்.

சைரன் பட்டையை உடைத்தார். டாக்டர் சொன்ன எண்ணிக்கை. தண்ணீர் பாட்டிலின் மூடியை அவரே திருகிக் கொடுத்தார். அவள் மூலமொழி அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். நல்ல மருந்தைக் குடிப்பவளின் முகமாக அது இல்லை. அழுகியதைத் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்கிறவளின் முகம்.

"இது மட்டும் போதாது. கீழ வண்டி நிக்குது. தங்கச்சியும் அதுலதான் இருக்கு. நேரா ஆஸ்பத்திரி," என்றார் சைரன். "நீங்க தள்ளுங்க சார். இருபத்திரண்டு வருஷம் வழி விடாதவங்களைத் தள்ளித்தான் பழக்கம்."

மூலமொழி அண்ணன் வழிவிட்டார். பாடிக்கொண்டிருந்தவர்களை நோக்கி வேகமாகப் படியிறங்கினார். தனக்கு முன்னால் வேறு யாரும் மைக்கைப் பிடித்துவிடக் கூடாது என்ற அவசரம்.

அக்கா நடைபாதையில் ஐந்தடி நடந்துவிட்டு நின்றாள். படி இருந்தது வலப்பக்கம். அவள் இடப்பக்கம் திரும்பினாள், தண்ணீர் கேட்டு முனகிய முதல் கதவின் பக்கம்.

"அங்க யாரு?" என்றேன்.

"டீச்சர். சர்க்கரை. ஊசியை டப்பாவுல போட்டுட்டாங்க. அந்தப் பக்கத்து ரூம்கள்ல இன்னும் ரெண்டு பேர்." என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரல் என் எலும்புமேல் துடித்தது.

"தாயி, முதல்ல வண்டி," என்றார் சைரன். "நானும் அகராதியும் இவங்களைக் கூட்டிட்டு வர்றோம்."

"நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க அண்ணே."

கதவைத் தட்டினாள். முனகல் நின்றது. மறுபடி தட்டினாள். 'உபவாசத்தில்' என்ற தாளைக் கிழித்துக் கீழே போட்டுவிட்டு, கதவுப் பலகையில் நெற்றிக்கட்டு படும்படி சாய்ந்தாள்.

"டீச்சர், பக்கத்து ரூம்லருந்து பேசறேன். அண்ணனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எல்லாத்தையும் பார்த்து எழுதினது நான். அந்தப் பன்றியை எழுதினதும் நான்தான். தப்பா எழுதிட்டேன் டீச்சர். எந்திரிச்சுக் கதவைத் திறங்க."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.